கொழும்பு ஈரத்தில் சுருட்டைப் பேணுவது எப்படி

சுருட்டுப் பேணல் பற்றிய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவார்கள். காற்று வறண்டுபோய்ச் சுருட்டு காய்ந்து நொறுங்கும். அதனால் பெட்டிக்குள் ஈரம் ஊட்டுவதே அவர்களுடைய முதற்கவலை. கொழும்பில் நிலைமை நேர்மாறு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யன்னல் திறந்த ஓர் அறையில் ஆண்டின் பெரும்பகுதி சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் வீதம்) 70 முதல் 85% வரை நிற்கும்; வெப்பநிலை 27 முதல் 31 பாகை செல்சியஸ். இங்கே வேலை ஈரத்தை வெளியே நிறுத்துவதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால், நல்ல விலை கொடுத்து வாங்கிய சுருட்டைப் பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் கொடுக்காமல் தப்பலாம்.

தொடங்க முன் இன்னொன்று. சுருட்டு சிகரட்டை விடப் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள், அது பிழை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு அது காரணமாகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பக்கற் சிகரட்டுக்குரிய புகையிலை இருக்கலாம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக்கூடாது. மூடிய பொது இடங்களில் புகைக்கவும் முடியாது. பழக்கம் இல்லாதவர் பழகத் தேவையில்லை. இந்தக் கட்டுரை ஏற்கெனவே சுருட்டு வைத்திருப்பவர்களுக்கானது.

ஈரம் புகையை எப்படி மாற்றுகிறது

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று பகுதிகள்: உள்ளே நீளவாக்கில் மடித்து வைத்த உள்ளிலை, அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, வெளியே தெரியும் மெல்லிய மேலிலை. மூன்றும் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கும். ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. மேலிலை சில மணித்தியாலங்களில் மாறிவிடும். நடுவிலுள்ள இலைக்கு வாரங்கள் வேண்டும். புகைப்பதில் வரும் சிக்கல்களில் பல இந்த வேக வித்தியாசத்திலிருந்து பிறப்பவை.

ஈரம் கூடினால் இலை உப்பி, இலைகளுக்கிடையில் காற்றுப் போகும் இடைவெளி சுருங்கும். இழுவை இறுகும். பற்றவைத்த முனையின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈர விறகு அடுப்பைப் போலத் தணல் மங்கி, புகை தடிப்பாகி, முழுதாக எரியாத தார் வாய்ப்பக்கம் வந்து தேங்கும். நாக்கில் புளிப்பும் கசப்பும் ஏறும். சுருட்டு அடிக்கடி அணையும். திரும்பத் திரும்பப் பற்றவைக்கும்போது கசப்பு இன்னும் கூடும். சில வேளை நடுப்பகுதி மட்டும் எரிந்து உள்ளே குகை விழும், ஏனென்றால் ஈரமான மேலிலை எரிய மறுக்கும்.

வறண்டால் எல்லாம் மறுபக்கம். இழுவை தளர்ந்து காற்று தாராளமாக ஓடும், தணல் சிவந்து சூடேறும், புகை தொண்டையைச் சுடும். ஒன்றரை மணித்தியாலம் போக வேண்டிய சுருட்டு முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மேலிலை செதில் செதிலாக உதிரும். இலையின் வாசனையைத் தரும் எண்ணெய்களும் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல வெளியேறும். இழந்த ஈரத்தைப் பிறகு திரும்பக் கொடுக்கலாம். வாசனையைக் கொடுக்க முடியாது.

வெளிநாட்டு நூல்கள் சொல்லும் பழைய கணக்கு 70% சாரீரப்பதன், 70 பாகை பரனைற்று, அதாவது 21 பாகை செல்சியஸ். கொழும்புக்கு எங்கள் பரிந்துரை 62 முதல் 65%. 68ஐத் தாண்ட விடாதீர்கள். காரணங்கள் இரண்டு. முதலாவது, ஏசி ஓடாத அறையில் 21 பாகையைப் பிடிக்கவே முடியாது. வெப்பம் கூடிய இடத்தில் ஈரமும் கூடினால் பூஞ்சணமும் வண்டும் விரைவாகப் பெருகும். இரண்டாவது, விறாந்தையில் இருந்து புகைக்கும்போது சுற்றியுள்ள 80% காற்று மேலிலைக்கு மேலும் ஈரம் ஏற்றும். ஆகவே பெட்டியிலிருந்து எடுக்கும்போது சுருட்டு கொஞ்சம் வறண்ட பக்கம் இருப்பதுதான் நல்லது.

முதல் வேலை: ஈரமானியைச் சோதித்தல்

மலிவான டிஜிட்டல் ஈரமானி 3 முதல் 5% வரை பிழை காட்டும். 65 என்று அது காட்டும்போது உண்மையில் 70 ஆக இருக்கலாம். இந்த ஊரில் அந்த வித்தியாசம் பூஞ்சணத்துக்குப் போதும். கடிகார முள் போன்ற முள்ளோடு மரப்பெட்டி மூடியில் பதித்து வரும் வட்ட மானியை நம்பவே வேண்டாம்.

சோதிக்கச் சாதாரண உப்புப் போதும். சோடாப் போத்தல் மூடியில் உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். ஈர மணல் பதம் வரவேண்டும். உப்பு கரைந்து மேலே தண்ணீர் நின்றால் கூடிவிட்டது, ஊற்றிவிட்டு மேலும் உப்புச் சேருங்கள். மூடியையும் ஈரமானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து, உப்பு மானியில் படாமல் பார்த்து, கொஞ்சம் காற்றோடு மூடுங்கள். வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் 12 முதல் 24 மணித்தியாலம் விடுங்கள். பை திறக்காமலே வாசியுங்கள். நிறைந்த உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்று 25 பாகையில் 75% சாரீரப்பதனில் நிற்கும். இது இயற்கை விதி, மாறாது. மானி 71 காட்டினால் அது 4 குறைத்துக் காட்டுகிறது. அந்த எண்ணை ஒரு சின்னத் தாளில் எழுதி மானியின் பின்னால் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். இந்த உப்புக் கலவையைச் சுருட்டுப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைக்க வேண்டாம், 75% எங்கள் எல்லைக்கு வெகு மேலே.

பெட்டி

அழகான மரப்பெட்டி, அதாவது ஹியூமிடோர், வாங்கவே எல்லோருக்கும் மனம் போகும். தொடக்கத்தில் வேண்டாம். மரம் மூச்சுவிடும், மூடியின் விளிம்பு வழியாகவும் காற்றுக் கசியும். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடித்த மே, யூன் மாதங்களில் மரப்பெட்டிக்குள் மானி மெல்ல மெல்ல 75ஐத் தொடும், நீங்கள் ஒரு துளி தண்ணீர் வைக்காவிட்டாலும்கூட. புது மரப்பெட்டியைத் தண்ணீர் தடவிப் பழக்கச் சொல்லும் அறிவுரையையும் இங்கே பின்பற்றத் தேவையில்லை. கொழும்புக் காற்றே அந்த மரத்தைப் போதுமான அளவு நனைத்திருக்கும்.

வேண்டியது ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொளுவியும் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி. 25 சுருட்டுக்கு 4 முதல் 5 லீற்றர் போதும். முன்பு சாப்பாடு வைத்த பெட்டி வேண்டாம், கறி மணம் இலைக்குள் இறங்கிவிடும். புதுப் பெட்டியையும் மணமில்லாத சவர்க்காரத்தால் கழுவி இரண்டு நாள் திறந்து வைத்து, மூக்கை உள்ளே வைத்து முகர்ந்து பாருங்கள். கசிவைப் பார்க்க, ரப்பர் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு தாள் துண்டை வைத்துப் பூட்டி இழுங்கள். நான்கு பக்கமும் இறுகிப் பிடித்தால் நல்லது. எளிதாக உருவிக்கொண்டு வரும் பக்கத்தால் காற்றும் வரும்.

உள்ளே வைக்க ஸ்பானிய சிடார்ப் பலகைத் துண்டுகள் கிடைத்தால் நல்லது. பழைய சுருட்டுப் பெட்டிகளில் வரும் மெல்லிய தகடுகளே போதும். அவை ஈரத்தைக் கொஞ்சம் ஏற்று, கொஞ்சம் விட்டு, ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். சந்தனம், பைன், கற்பூர மரம் போன்ற மணமுள்ளவற்றை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

ஈரத்தைக் கட்டுப்படுத்த இருவழிப் பைகள் உண்டு. போவேடா என்ற பெயரில் விற்பவை பரவலானவை. உள்ளே உப்புக் கரைசல். ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் உறிஞ்சும். 65% என்று குறித்த 60 கிராம் பை 25 சுருட்டுக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. கொழும்பில் இரண்டு போடுங்கள். 69, 72 என்று குறித்தவை இங்கே வேண்டாம்.

குளிர்நாட்டில் இந்தப் பை காய்ந்து கட்டியாகும்போது மாற்றுவார்கள். இங்கே அது உறிஞ்சி உறிஞ்சி வீங்கும். உள்ளே பளிங்குத் துணிக்கை ஒன்றும் கைக்குத் தட்டுப்படாமல் முழுக்க நீராகிவிட்டால் பிறகு அது கட்டுப்படுத்தாது. புதிதாக வாங்கியதும் பையின் நிறையைச் சமையல் தராசில் நிறுத்துப் பையிலேயே எழுதிவையுங்கள். 10 கிராம் ஏறியிருந்தால் வெளியே எடுத்து, ஏசி ஓடும் அறையில் ஒரு தட்டில் விட்டால் பல நாட்களில் பழைய நிறைக்கு இறங்கும்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைக்கலாமா என்று கேட்பார்கள். சாதாரண சிலிக்காவுக்கு 65இல் நிற்கத் தெரியாது, இழுத்துக்கொண்டே போகும். அவசரத்துக்கு ஒரு சின்னப் பொட்டலம் போட்டு, மானியைப் பார்த்துக்கொண்டிருந்து 67 வந்ததும் எடுத்துவிடலாம். அரிசி போடவே வேண்டாம். தூளும் பூச்சியும்தான் மிஞ்சும்.

சுருட்டு வீட்டுக்கு வந்த நாள்

கடையில் குளிரூட்டாத அலுமாரியிலிருந்து வந்த சுருட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள். சுருட்டு வண்டு, அறிவியற் பெயர் லேசியோடெர்மா செரிகோர்னே, 2 முதல் 3 மில்லிமீற்றர் நீளமுள்ள செம்மண்ணிறப் பூச்சி. 30 பாகை வெப்பமும் 70% ஈரமும் அதற்கு மிகப் பிடித்த நிலை, அதாவது எங்கள் ஊர்க் காலநிலை. 20 பாகைக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். முட்டை கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலையைத் தின்று துளைப்பது புழு. செத்தல் மிளகாய், மஞ்சள், மல்லி எல்லாவற்றிலும் வருவது இதே வண்டுதான். ஆகவே சுருட்டுப் பெட்டியைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

முட்டையைக் கொல்ல உறைய வைப்பதே வீட்டில் செய்யக்கூடிய வழி:

1. சுருட்டை அதன் கண்ணாடித்தாள் உறையோடு ஜிப் பையில் போட்டு, காற்றை மெல்ல அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். அதை இன்னொரு பைக்குள் போடுங்கள்.
2. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள்.
3. பிறகு பிரீசரில் 5 நாள். வெப்பநிலை மறை 18 பாகையாக இருக்க வேண்டும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் ஐஸ் தட்டறை அவ்வளவு குளிராது. தனிப் பிரீசர் உள்ள இரட்டைக் கதவுப் பிரிட்ஜ் வேண்டும். இடையில் நீண்ட மின்வெட்டு வந்து ஐஸ் இளகினால் 5 நாளை முதலிலிருந்து எண்ணுங்கள்.
4. திரும்பப் பிரிட்ஜில் ஒரு நாள்.
5. வெளியே எடுத்து, பையைத் திறக்காமல், அறை வெப்பநிலைக்கு வரும்வரை அரை நாளாவது விடுங்கள்.

ஐந்தாவது படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். குளிர்ந்த சுருட்டில் கொழும்புக் காற்றுப் பட்டால் மேலிலையில் பனித்துளி படியும். கறை விழும், சில வேளை வெடிக்கும். பிரிட்ஜுக்கும் பிரீசருக்கும் நடுவில் மெதுவாகப் போய்வரச் சொல்வதும் இதே போன்ற காரணத்துக்குத்தான்: திடீர்க் குளிரில் மேலிலை ஒரு வேகத்திலும் உள்ளிலை வேறு வேகத்திலும் சுருங்கினால் மேலிலை கிழியும்.

இதற்குப் பிறகு பெட்டிக்குள் வைத்து ஆறவிடுங்கள். கடையில் ஊறிப்போயிருந்த சுருட்டு 65இல் சமநிலைக்கு வர, மெல்லியதற்கு 3 முதல் 4 வாரமும் பருமனானதற்கு 6 முதல் 8 வாரமும் வேண்டும். மானி இரண்டு நாளில் 65 காட்டும். அது பெட்டிக் காற்றின் அளவு, சுருட்டின் நடுவுக்குரியதல்ல. நடுவை அறிய நம்பகமான வழி நிறை. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒரே சுருட்டை ஒவ்வொரு வாரமும் நிறுத்து எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எண் மாறாவிட்டால் அது தயார். விரைவாக்க நினைத்து ஏசிக் காற்றுக்கு நேரே வைத்தால் மேலிலை முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் உப்பியிருக்கும், நீளவாக்கில் வெடிப்பு விழும்.

யாழ்ப்பாணச் சுருட்டை, முக்கியமாகக் கோடா என்ற இனிப்புச் சாறு போட்டதை, வேறு பெட்டியில் வையுங்கள். கோடாவிலுள்ள இனிப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். மழைக்காலத்தில் கட்டோடு வைத்தால் உள்ளிருந்தே பூஞ்சணம் தொடங்கும். கட்டைப் பிரித்து வைப்பது நல்லது. அதன் மணமும் பலமானது, பக்கத்திலுள்ள கியூபாச் சுருட்டுக்குள் சில வாரத்தில் ஏறிவிடும்.

எங்கே வைப்பது, எப்போது திறப்பது

இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறைதான் பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் இடம். இரவில் 24, பகலில் 31 என்று ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும் வெப்பம் சுருட்டுக்கு நல்லதல்ல. பெட்டியின் குளிர்ந்த பக்கத்துக்கு ஈரம் நகர்ந்துகொண்டேயிருக்கும். பெட்டியைத் தடித்த ரிஜிஃபோம் பெட்டிக்குள் வைத்து, அலுமாரியின் கீழ்த்தட்டில், வெயில் படாத உட்சுவர்ப் பக்கமாக வைத்தால் இந்த ஏற்றமும் இறக்கமும் நன்றாகக் குறையும். மீன் வந்த ரிஜிஃபோம் பெட்டி எவ்வளவு கழுவினாலும் உதவாது. பிரிட்ஜின் மேல் வைக்காதீர்கள், அங்கே வெப்பம் கூட. பிரிட்ஜுக்குள்ளும் நிரந்தரமாக வேண்டாம். 4 பாகைக் குளிரில் வண்டு வராது என்றாலும், மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி என்றால் சுருட்டு காயும், மீதிச் சாப்பாட்டின் மணமும் ஏறும்.

சேர்ப்பு 50, 100 என்று வளர்ந்தால் வைன் பிரிட்ஜ் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். வெப்பமின் முறையில், அதாவது கொம்பிரசர் இல்லாமல், குளிரூட்டும் சின்ன வகை, அறை வெப்பத்திலிருந்து ஓரளவுதான் கீழே இறக்கும். 31 பாகை அறையில் அது 18ஐத் தொடத் திணறும். கொம்பிரசர் உள்ளது எளிதாக இறக்கும், ஆனால் காற்றை வறட்டும். எந்த வகையானாலும் சுருட்டைக் காற்றுப் புகாத பெட்டிகளில் போட்டு அதற்குள் வைப்பதே சரி. வெப்பத்தைப் பிரிட்ஜும் ஈரத்தைப் பெட்டியும் பார்த்துக்கொள்ளும்.

காற்று மாற வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் திறந்தால் போதும். ஏசி ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு, அந்த அறையிலேயே திறந்து மூடுங்கள். மழை நாளில் விறாந்தையில் திறக்க வேண்டாம்: 30 பாகை, 80% ஈரமுள்ள காற்றில் கன மீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும், 24 பாகைக் காற்றோ 22 கிராமைத்தான் தாங்கும். அந்தக் காற்றை அடைத்து ஏசி அறைக்குள் கொண்டுபோனால் மிஞ்சியது பெட்டிச் சுவரில் துளியாகும். நிறைந்த பெட்டியில் இலைகள் அதைக் குடித்துவிடும். மூன்று நான்கு சுருட்டு மட்டும் உள்ள பெட்டியில் மேலிலை அப்படியே நனையும்.

கண்ணாடித்தாள் உறையைக் கழற்றத் தேவையில்லை. அதன் வழியே ஈரம் மெதுவாகப் போய்வரும். மேலிலைக்குக் காவலும் அதுதான். உலோகக் குழாயில் வந்தவற்றின் மூடியை மட்டும் கழற்றிவிடுங்கள்.

புகைக்க முன்

வாய்ப்பக்கத்திலிருந்து எரியும் முனைவரை பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அமுக்கிக்கொண்டு போங்கள். அமுங்கி உடனே பழைய வடிவுக்கு வந்தால் சரி. அமுங்கியது அப்படியே நின்றால் ஈரம் கூட, சரசரத்தால் வறட்சி. ஓரிடம் மட்டும் கல்லுப்போல இருந்தால் அது சுற்றியவரின் பிழை, பேணலால் திருத்த முடியாது.

ஈரம் கூடியிருந்தால் பைகள் இல்லாத வெறும் மரப்பெட்டியில் வைத்து, ஏசி அறையில், காற்று நேரே படாத இடத்தில், 24 முதல் 48 மணித்தியாலம் விடுங்கள். அறை ஈரம் 55 முதல் 60 வரை இருக்கும். இழுவை தெளிவாகத் தளரும். எடுத்த சுருட்டை வெளியே நெடுநேரம் வைத்திருக்காமல் கால் மணித்தியாலத்துக்குள் பற்றவையுங்கள். மரைன் டிரைவ் பக்கம் கடற்காற்றில் ஒரு மணித்தியாலம் சட்டைப்பையில் இருந்த சுருட்டின் மேலிலை ஊறி, பற்றவைத்ததும் சூட்டில் வெடிக்கும்.

பற்றவைக்கும்போது சுடரை முனையில் முட்டவிடாமல் சற்றுக் கீழே பிடித்து, சுற்றிச் சுற்றி விளிம்பு சமமாகக் கருகும்வரை காட்டுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுவை. ஈரக் காற்றில் புகைக்கும்போது அணைந்துவிடும் என்று பயந்து விரைவாக இழுப்பார்கள். அதனால் தார் கூடி இன்னும் கசக்கும். அணைந்தால் அணையட்டும். சாம்பலைத் தட்டி, வாயால் ஒருமுறை மெல்ல வெளியே ஊதிப் பழைய புகையைத் தள்ளிவிட்டுத் திரும்பப் பற்றவையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் முந்தி எரிந்தால் பின்தங்கிய பக்கத்துக்குச் சுடரைச் சில வினாடி காட்டுங்கள். ஒரே பெட்டியிலிருந்து வரும் சுருட்டுகள் தொடர்ந்து அப்படி எரிந்தால், அவை இன்னும் சமநிலைக்கு வரவில்லை என்று பொருள். மேலும் இரண்டு வாரம் விடுங்கள்.

பூஞ்சணமும் வண்டும் வந்துவிட்டால்

மேலிலையில் பச்சை, நீலம், வெள்ளை நிறத்தில் பஞ்சுபோல் திட்டுத் திட்டாக இருந்தால் அது பூஞ்சணம். நல்ல சுருட்டு முதிரும்போது எண்ணெய் வெளிவந்து வெள்ளைத் தூளாகப் படியும் என்றொரு பேச்சு உண்டு. கொழும்பில் அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள், இங்கே வெள்ளையாகத் தெரிவதைப் பூஞ்சணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருட்டை எறியுங்கள். அதைப் புகைப்பது மேலும் கேடு. பெட்டியை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து இரண்டு நாள் திறந்து உலரவிட்டு, மணம் முழுதும் போன பிறகு, மானியைத் திரும்பச் சோதித்து, 62% பைகளோடு தொடங்குங்கள்.

மேலிலையில் குண்டூசித் தலையளவு வட்டத் துளை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது. துளையுள்ளதை எறிந்துவிட்டு, மீதி எல்லாவற்றையும், நல்லதாகத் தெரிவதையும் சேர்த்து, மேலே சொன்ன ஐந்து படிகளுக்கும் உட்படுத்துங்கள். அதற்குள் பெட்டியின் மூலைகளையும் சிடார்த் துண்டுகளின் இடுக்குகளையும் தூரிகையால் துடைத்துவிடுங்கள். திரும்ப அடுக்கும்போது அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். வாராந்தம் திறக்கும்போது தாளைப் பாருங்கள்: மண்ணிறத் தூள் விழுந்திருந்தால் அதற்கு நேரே மேலேயிருந்த சுருட்டை முதலில் எடுத்துச் சோதியுங்கள்.